கடற்காற்றுக்குக் காத்திருந்தவர்

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டார். சரி, எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியப்போவதில்லை. ஃப்ரீமான்ட்டில் நாங்கள் குடியிருந்த அந்த வளாகத்தில் சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் 'வெயிட்டிங் லிஸ்ட் அங்கிள்'தான். அந்தப் பெயரை வைத்தது நான். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவர் காரில் ஒருமுறை ஏறினால் அந்தப் பெயர் ஏன் என்று புரிந்துவிடும். ஃப்ரீவேயில் எந்த லேனில் நுழைந்தாரோ அதே லேனில்தான் கடைசி வரை போவார். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். பக்கத்து லேனில் வண்டிகள் சர் சர்ரென்று போய்க்கொண்டிருக்கும். பின் சீட்டில் உட்கார்ந்து நான் துடிப்பேன். "மாத்துங்க, இப்ப மாத்துங்க, கேப் இருக்குது பாருங்க" என்று கத்துவேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "இதுவும் நகரும்க்கா. நகராம எங்க போவப்போவுது?" நான் ஈரோட்டுக்காரி. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துப் பழகியவள். எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார். "நான் உங்களுக்கு அக்காவா?" என்று கேட்டதற்கு, "திட்றவங்க எல்லாம் அக்காதான்" என்றார்.

வடசென்னையில் கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தவர் அவர். அந்தத் தெருவிலேயே முதலில் எஞ்சினியரிங் படித்தவர். ஆபீஸில் எல்லோரையும் போல இங்கிலீஷ் பேசுவார். தமிழ்க்காரர்கள் கூடும் இடங்களில் பொதுவான தமிழ் பேசுவார். எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் மட்டும்தான் அந்தக் குப்பத்துப் பேச்சு வரும். அப்பாவை 'நைனா' என்பார். நைனாவுக்குக் கட்டுமரம் இருந்தது. அந்தக் காலத்தில் மோட்டார் கிடையாது, பாய் கட்டித்தான் போவார்களாம்.

"விடியறதுக்கு முன்னாடி கரைலருந்து கடலப் பாத்து ஒரு காத்து அடிக்கும்க்கா. கரைக்காத்து. பாயக் கட்டி உட்டா போதும், அதுவே உள்ள இட்டுனு போய்டும். வலையப் போட்டு இழுக்கறதுக்குள்ள வெயில் ஏறிடும். பத்து பதினோரு மணிக்கெல்லாம் காத்து திரும்பிடும். கடக்காத்து. அது உங்கள அப்படியே வூட்டாண்ட கொண்டாந்து உட்டுடும். நைனா ஒரு நாளும் காத்தோட மல்லுக்கட்ட மாட்டாரு. திரும்பற வரைக்கும் பீடியப் பத்த வச்சிக்கினு உக்காந்துனு இருப்பாரு."

"உங்க நைனாவுக்குக் காத்து தானாத் திரும்புச்சு. எங்க ஊர்ல வாய்க்காத் தண்ணியத் திருப்போணும்னா மம்பட்டியத் தூக்கோணும்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஒரு மாதத்துக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காத்திருப்பதற்கு ஆள் வேண்டும் என்றால் எங்கள் வளாகத்தில் அவரைத்தான் கூப்பிடுவோம். லைசென்ஸ் ஆபீஸுக்குப் போக வேண்டுமா, ஏர்போர்ட்டில் லேட்டாக வரும் ஃப்ளைட்டுக்கு யாராவது நிற்க வேண்டுமா, அவர் வருவார். என் வீட்டுக்காரருக்கு ஒருமுறை சிறுநீரகக் கல் வந்து எமர்ஜென்சியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் அரை மணிக்கு ஒருதரம் எழுந்துபோய் அந்த நர்ஸம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவர் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்களை உள்ளே கூப்பிட்டது என் சண்டையாலா, அவர் பொறுமையாலா என்று இரண்டு வருஷம் வாதாடியிருக்கிறோம்.

எங்கள் அம்மா ஈரோட்டில் இறந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. போக முடியவில்லை. வீடியோவில்தான் எல்லாம் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஆறுதல் சொன்னார்கள். அம்மா நிம்மதியாகப் போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்றெல்லாம். இவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து எங்கள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அழுதால் அழட்டும் என்று விட்டார். எழுந்தால் டீ போட்டுக் கொடுத்தார். எப்போது தலையைத் தூக்கிப் பார்த்தாலும் அந்த மூலையில் ஆள் இருந்தார். அந்த இரண்டு நாளை நான் எப்படித் தாண்டியிருப்பேன் என்று தெரியவில்லை. அதனால்தான் அவரை என் கூடப்பிறந்தவர் மாதிரி நினைத்தேன். கூடப்பிறந்தவரைத் திட்டுவது மாதிரித் திட்டவும் செய்தேன்.

அவருக்கு வேலை போனது நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் விசா சங்கதி தெரிந்தவர்களுக்குத் தெரியும், வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். நானாக இருந்தால் ஒரு நாளைக்கு நூறு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பியிருப்பேன். இவர் முதல் வாரம் தெரிந்த நாலு பேருக்குச் சொன்னார். பிறகு தினமும் காலையில் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னிடம் வந்து அழுதார். நான் பூங்காவுக்கே போய் வாயில் வந்தபடி பேசிவிட்டு வந்தேன். "சொல்லி வச்சிருக்கேன்க்கா. வரும்" என்றார்.

ஐம்பத்து மூன்றாவது நாள் போன் வந்தது. பழைய கம்பெனியைவிட நல்ல வேலை. மவுரி அவென்யூவில் இருக்கும் நம் ஊர் ஸ்வீட் கடையிலிருந்து ஒரு பெட்டி ஜாங்கிரி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "பாத்தீங்களாக்கா" என்றார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு நான் வாயைத் திறக்க முடியவில்லை.

ஆனால் மகள் விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்த பெண். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். கிரீன் கார்டுக்காக அவர் பதினேழு வருஷமாக வரிசையில் நின்றார். அவர் நிற்கும் வரைதான் அந்தப் பெண்ணும் நிற்கலாம். இருபத்தொரு வயது முடிந்துவிட்டால் அவர் ஃபைலிலிருந்து அவள் பெயர் கழன்றுவிடும். பிறகு அவள் தனக்கென்று ஒரு விசா தேட வேண்டும், இல்லையென்றால் முகமே தெரியாத சென்னைக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு அப்போது பத்தொன்பது. கனடாவுக்குப் போகலாம் என்றார் மனைவி. வேறு வக்கீலைப் பார்க்கலாம் என்றேன் நான். ஒருநாள் எங்கள் முன்னாலேயே அந்தப் பெண், "யூ ஜஸ்ட் சிட் தேர், அப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "லைன் நகர்ற மாதிரி தெரியுதுக்கா. அடுத்த வருஷத்துக்குள்ள நம்ம தேதி வந்துடும்" என்றார்.

இனி அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் வருஷம் முழுக்கக் கடலிலிருந்துதான் காற்று வரும். குளிர்ந்த காற்று, கூடவே மூடுபனி. இலையுதிர் காலத்தில் சில நாட்கள் மட்டும் அது தலைகீழாகிவிடும். உள்நாட்டுப் பாலைப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று கிளம்பி, மலைகளின் மேல் ஏறி, இந்தப் பக்கம் இறங்கும்போது வெறிபிடித்து இறங்கும். மலை இடுக்குகளில் புகுந்து நேராகக் கடலைப் பார்த்துப் பாயும். பிசாசுக் காற்று என்றுதான் இங்கே அதற்கு அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். மின்கம்பி அறுந்து காட்டில் தீப்பிடித்துவிடக் கூடாது என்று, காற்று வருவதற்கு முன்பே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் நிறுத்தினார்கள். நான் அரைத்து வைத்திருந்த நாலு நாள் மாவைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். சனிக்கிழமை காலையில் வீட்டில் அடுப்பும் எரியவில்லை, நெட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் சும்மா இருக்க முடியாமல் கராஜுக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தள்ளுபடியில் வாங்கி அப்படியே கிடந்த ரப்பர் படகு ஒன்று அங்கே இருந்தது. காற்றடைத்தால் இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். நண்டு சீசன் தொடங்கிவிட்டது, ஹாஃப் மூன் பே பக்கம் போய் வலை போடலாம் என்றார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று நானும் சரி என்றேன்.

அவரை போன் செய்து கூப்பிட்டது நான்தான். "நீங்க கடல்காரர் இருக்கறப்ப எங்களுக்கென்ன பயம், வாங்க" என்றேன். அவர் மனைவியும் மகளும் காலேஜ் வேலையாக சான் ஹோசே போயிருந்தார்கள். தனியாகத்தான் இருந்தார். கொஞ்சம் தயங்கினார்.

"இன்னிக்கி காத்து ஒரு மாதிரி இருக்குதுக்கா. நாளைக்கிப் போலாமே."

"ஏனுங்க, இதுக்குமா வெயிட்டிங் லிஸ்ட்?" என்று கேட்டேன்.

சிரித்தார். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார்.

பாலம் தாண்டி மலைப்பாதையில் போகும்போது கார் ஆடியது. ரோட்டில் யூகலிப்டஸ் கிளைகள் ஒடிந்து கிடந்தன. அவர் வழியெல்லாம் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் கடற்கரையில் இறங்கினால் அப்படி ஒரு அமைதி. பின்னால் உயரமான மண்மேடு சுவர் போல நின்றதால் கீழே காற்றே தெரியவில்லை. எப்போதும் ஸ்வெட்டர் போட வைக்கும் அந்தக் கரையில் அன்று நல்ல வெயில். கடல் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் ஒரு பிடி மணலை எடுத்து மெல்லத் தூவிப் பார்த்தார். மண்மேட்டின் மேலே ஆடிய புல்லைப் பார்த்தார்.

"கரைக்காத்துதான். பதினோரு மணிக்குள்ள திரும்பிடும். சும்மா கிட்டக்கவே போட்டுட்டு வந்துரலாம்" என்றார்.

இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். மணி ஒன்பதரை இருக்கும். என் வீட்டுக்காரர் தன் போனை என்னிடமே கொடுத்துவிட்டார். இவர் தன்னுடையதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாததால் அதில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. நான் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். மிஞ்சிய சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து கொண்டுவந்திருந்தேன். வந்ததும் மூன்று பேரும் சாப்பிடலாம் என்று எண்ணம்.

முதலில் படகு வேகமாகப் போவதைப் பார்த்து, பரவாயில்லையே, நன்றாகத் துடுப்புப் போடுகிறார்களே என்றுதான் நினைத்தேன். சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். துடுப்பு அசையவே இல்லை. படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மண்மேட்டின் மறைப்பைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்குள் அவர்கள் இருந்தார்கள்.

போன் செய்தேன். உடனே எடுத்தார். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் எப்போதும் போல நிதானமாக இருந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. எதிர்த்துத் துடுப்பு போட்டா கைதான் போவும். உக்காந்துனு இருக்கோம். பதினோரு மணிக்குக் கடக்காத்து வந்துடும், அதுவே கரைக்குக் கொண்டாந்து உட்டுடும்."

"நான் நைன் ஒன் ஒன் கூப்பிடட்டுமா?"

"வேணாங்க்கா, வேணாம். கூப்ட்டா ரிப்போர்ட் எழுதுவாங்க. பேர் ஏறிடும். என் ஃபைல் இப்பதான் நகருது. பாப்பா பேரும் அதுலதான் கீது."

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். படகோடு காற்றில் அடித்துச் செல்லப்பட்டவனைக் காப்பாற்றினால் எந்த ஃபைல் நிற்கும்? ஆனால் எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பார்க்கிங் டிக்கெட் வந்தால்கூட வக்கீலுக்கு மெயில் போடுகிறவர்கள் நாங்கள். போலீஸ், ரிப்போர்ட், பெயர் என்ற சொற்களைக் கேட்டாலே பயம் பிடித்துக்கொள்ளும். நான் சிட்டிசன் ஆகி நாலு வருஷம் ஆகியிருந்தது, அந்தப் பயம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அவர் சொன்னது நியாயம் என்றுதான் அன்று எனக்குப் பட்டது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். யாரையும் எதற்கும் காத்திருக்க விடாதவள், அன்றைக்கு மட்டும் காத்திருந்தேன்.

பதினோரு மணிக்குக் காற்று திரும்பவில்லை. அது மண்மேட்டைத் தாண்டிக் கரைக்கே இறங்கி வந்தது. மணல் பறந்து முகத்தில் ஊசியாகக் குத்தியது. யாரோ ஒருவரின் குடை உருண்டு உருண்டு கடலுக்குள் போனது. நான் கொண்டுவந்த சாப்பாட்டுப் பை எங்கே போனது என்று தெரியவில்லை. படகு ஒரு புள்ளியாகிவிட்டது. சில நேரம் அந்தப் புள்ளியும் தெரியவில்லை.

மறுபடி போன் செய்தேன்.

"இன்னிக்கி லேட்டா திரும்புது போலக்கா" என்றார். குளிரில் அவர் பற்கள் தந்தியடிப்பது கேட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

எனக்குப் பயத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. இல்லை, பொய் சொல்கிறேன். தெரிந்துதான் பேசினேன். அத்தனை வருஷம் மனசில் கிடந்ததைத்தான் பேசினேன்.

"எப்பப் பார்த்தாலும் திரும்பும் திரும்பும்னே உக்காந்திருங்க. வேலை போனாலும் உக்காருங்க, புள்ள வாழ்க்கை போனாலும் உக்காருங்க. கூட என் வீட்டுக்காரரும் இருக்காருங்க. வாழ்க்கையில ஒரு தடவையாவது நீங்களா எதாச்சும் பண்ணித் தொலைங்களேன்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்துபோயிற்று.

அடுத்த நிமிஷமே நான் நைன் ஒன் ஒன்னைக் கூப்பிட்டேன். அது அவருக்குத் தெரியாது. தெரியவைக்க வழியும் இல்லை. தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நான் யாரையும் கூப்பிடவில்லை என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஹெலிகாப்டர் சீக்கிரமே வந்தது. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, இரண்டு கைகளும் படகின் கயிற்றைப் பிடித்த நிலையிலேயே மடங்கி இருந்தன. ஒருவர்தான் இறங்கினார். இன்னொருவர் எங்கே என்று நான் கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "நீந்திப் போனாரே, வந்து சேரலியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது இதுதான். போன் அணைந்ததும் அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். "அக்கா சொல்றது கரெக்ட்டுதான்" என்றிருக்கிறார். லைஃப் ஜாக்கெட்டோடு கையை வீச முடியாது என்று அதைக் கழற்றிப் படகில் போட்டிருக்கிறார். கரைக்குப் போய் யாரையாவது கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் படகை விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். அவர் கையை உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அந்தக் கடல் ஐஸ் தண்ணீர். ஆரோக்கியமான ஆளுக்கே சற்று நேரத்தில் கைகால் மரத்துப்போகும். கரைக்கு வந்த மீட்புக்காரர்களில் ஒருவர் என் தோளில் போர்வையைப் போர்த்திவிட்டு, "அவர் படகிலேயே காத்திருந்திருக்கலாம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மணலிலேயே விழுந்து புரண்டு அழத் தோன்றியது. அந்தக் காற்று அன்றும் திரும்பவில்லை, அடுத்த நாளும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெகுதூரம் தெற்கே ஒரு கரையில் அவரைக் கண்டெடுத்தார்கள். அன்றுதான் காற்று நின்று மூடுபனி வந்தது.

அவர் போனதும் அவர் மனைவியின் விசாவும் போயிற்று. சட்டம் அப்படி. பெண் மட்டும் மாணவர் விசாவுக்கு மாறிக்கொண்டு ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டைக் காலி செய்ய நான்தான் கூட இருந்து உதவினேன். சாமான்களைப் பெட்டியில் போடும்போதெல்லாம் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். போலீஸிடம் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பதுவரை எல்லாம் சொல்லியிருந்தேன், நான் பேசிய அந்த நாலு வார்த்தையைத் தவிர. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் அவர் அன்றிலிருந்து அந்த நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. சென்னைக்குக் கிளம்பும்போது ஏர்போர்ட்டில் அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணிருப்பேன்க்கா" என்றார். அப்போதும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் அப்படியே சொல்லாமல் இருந்தேன். போன மாதம் மறுபடி அந்தக் காற்று வந்தது. ஜன்னலெல்லாம் தடதடவென்று ஆடியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சென்னைக்கு போன் போட்டு அவர் மனைவியிடம் சொன்னேன். நாளைக்குப் போகலாம் என்று அவர் சொன்னதையும், நான் கேலி செய்து இழுத்துக்கொண்டு போனதையும், கடைசியாக என்ன பேசினேன் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"கல்யாணம் ஆகி இருபத்தி மூணு வருஷம்க்கா" என்றார். "அவரு தண்ணில எறங்கி நான் பாத்ததே இல்ல. சின்ன வயசுல கடல்லயே கெடந்தவருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் கேட்டா, அப்புறம் ஒரு நாள் பாக்கலாம்னுடுவாரு. எப்படி நீந்தினாரு? உங்க வீட்டுக்காரருதான பாத்தாரு. கேட்டுச் சொல்லுங்களேன்."

என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் இருந்தார். போய்க் கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை நான் அப்படியே போனில் சொன்னேன்.

"நல்ல நீச்சலுங்களாம். கையை நல்லா எட்டி எட்டிப் போட்டுப் போனாருங்களாம். காத்து எதுத்தாப்புல அடிக்குது, தண்ணி மூஞ்சிலயே வந்து விழுகுது. கரையப் பாத்து நேராப் போனாருங்களாம். நடுவுல ஒரு தடவகூட நிக்கலியாம். இவரு கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் நிக்கவே இல்லீங்களாம்."



"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றார்.

சொன்னேன்.